கெட்டிமேளத்துக்கு விரல் ஆட்டியது யார்

கல்யாணத்துக்குப் போனால் நீங்களெல்லாம் பொண்ணைப் பார்ப்பீர்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பீர்கள், பந்தி போட்டாச்சா என்று பார்ப்பீர்கள். நான் விரல்களைப் பார்ப்பேன். தாலியை எடுக்கிற நேரத்தில் மேடையில் யார் கை எங்கே இருக்கிறது, யாருடைய ஆள்காட்டி விரல் முதலில் மேலே போகிறது, எந்தப் பக்கத்து ஆள் அது. போன மாதம்கூட ஒருத்தி கேட்டாள், "இன்னாடி, போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதறியா?" என்று. நம் செட்டில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மீதிப் பாதிக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள். இனிமேலும் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஏதோ கோளாறு என்றுதான் முடிவு கட்டுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் நாலாவது முடித்து ஐந்தாவது போகிற லீவு அது. செல்போனில் பாம்பு ஓடிய காலம். உங்கள் அப்பாக்கள் ரயில்வேயிலும் கலெக்டர் ஆபீசிலும் இருந்தார்கள். என் அப்பா நாதஸ்வரம் வாசித்தார். ஸ்கூல் ஃபாரத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் அம்மா "இசைக் கலைஞர்" என்று எழுதுவாள். கிளாஸ் டீச்சர் அதைப் படித்துவிட்டு "மேளக்காரரா?" என்று கேட்பார்.

அப்பா விழுப்புரத்தில் இசைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்து சர்டிபிகேட் வாங்கியவர். காலையில் கோயிலில் வாசிப்பார், முகூர்த்த நாளில் கல்யாணம். வானொலியில் 'பி' கிரேடு. அதற்கு மேல் போக இரண்டு தடவை எழுதிப் போட்டு இரண்டு தடவையும் இல்லை என்று வந்துவிட்டது. அவருக்கு ஒரே ஓர் ஆசை: எதிரில் ஆட்கள் வாயை மூடி உட்கார்ந்திருக்க, ஒரு ராகத்தை அவசரமில்லாமல் முக்கால் மணி நேரம் வாசிக்க வேண்டும். கல்யாணத்தில் அது நடக்காது. ஆலாபனை பத்து நிமிஷத்தைத் தாண்டினால் யாராவது ஒரு சித்தப்பா வந்து, "சினிமா பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஜங்ஷனுக்குப் பின்பக்கம். இன்ஜின் ஹாரன் அடித்தால் சோற்றில் கை வைத்தபடியே, "பஞ்சமம். கொஞ்சம் எறங்கிப் போச்சு" என்பார். கரண்ட் வோல்டேஜ் குறைந்தால் எங்களுக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றுவது தெரியும். அவருக்குச் சுருதிப் பெட்டி ஒரு மயிரிழை இறங்கியது கேட்கும். நான் அடுத்த அறையில் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசினாலும் என்ன பேசினேன் என்று திருப்பிச் சொல்வார். அந்தக் காதுதான் பிறகு எனக்குப் பெரிய பேஜாராக வந்து சேர்ந்தது.

வைகாசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மேளம் பேசியது மாப்பிள்ளை வீட்டார். அம்மா அன்றைக்குக் காணை கிராமத்தில் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தது. என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அப்பாவோடு அனுப்பிவிட்டாள். முதல் பஸ். அப்பா, அவருடைய ஜோடி தவில் மாமா, நான். தவில் மாமா விரல்களில் மாட்டுகிற கூடுகளைச் சட்டைப்பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தார். "பாப்பா, இன்னிக்கு ரெண்டு ஸ்வீட்டாம். உங்கப்பன் ராகம் பாடிக்கினு இருப்பான், நாம ஜல்தியா போய் மொதப் பந்தியில உக்காந்துறணும்" என்றார்.

மண்டபத்தில் பெயின்ட் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து அடித்தது. மேளத்துக்கென்று மேடையின் இடது ஓரத்தில் ஒரு பெஞ்சும் ஜமுக்காளமும். நான் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த வறுத்த மல்லாட்டையை ஓடு உடைத்துக் கடலை கடலையாகத் தின்றுகொண்டிருந்தேன். கல்யாணப் பொண்ணு அரக்குச் சேலையில் இருந்தார். டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவர் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் தாய்மாமன், உயரமாக, வெள்ளைச் சட்டையில், சொந்தக் கல்யாணம் மாதிரி வேர்த்துக்கொண்டு நின்றார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் "கெட்டிமேளம்" என்பார், இல்லையென்றால் மேடையில் யாராவது பெரியவர் விரலை ஆட்டுவார். உடனே நாயனமும் தவிலும் உச்சத்துக்குப் போக வேண்டும். எதற்கு? அந்த நேரத்தில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஒரு கெட்ட வார்த்தை யார் காதிலும் விழக் கூடாது. மூடிவிட வேண்டும். மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ராகத்துக்கு முன்னால் தெரிவது இதுதான்.

அன்றைக்கு நான் பார்த்தது இது. மாப்பிள்ளை கையில் தாலி இருக்கிறது. ஐயர் இன்னும் மந்திரத்தில் இருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கத்திலிருந்து காப்பிக்கலர் சட்டை போட்ட ஓர் ஆள் இலைக்கட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறான். "நிறுத்துங்க! டேய், எங்க அக்காவுக்கு என்னாடா பதிலு..." என்கிறான். அவ்வளவுதான் கேட்டது. என் காதுக்கு ஒரு முழம் தள்ளி நாயனம் வெடித்தது. அரை நொடி பின்னால் தவில். அந்த ஆளின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நாலு பேர் அவனை அள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். அதற்குப் பிறகுதான் ஐயர் நிமிர்ந்தார், விரல்கள் ஆடின, அரிசி விழுந்தது. "குடிகாரன்" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ரெண்டு ஸ்வீட் என்றது பொய், ஒன்றுதான்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா, அப்பாவின் தோளில் ஒரு ஜரிகைத் துண்டைப் போர்த்தினார். தவில் மாமாவுக்கு வெற்றிலைப் பாக்குதான். பஸ்ஸில் மாமா, "நாயனம்னா துண்டு, தவில்னா பாக்கு. நான் அடுத்த ஜென்மத்துல ஊதறவனா பொறக்கறேன்பா" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. அந்த மாப்பிள்ளைக்குப் பாண்டி பக்கம் ஏற்கெனவே ஒரு மனைவி, இரண்டு வயதில் ஒரு குழந்தை. கத்திய ஆள் அந்த மனைவியின் தம்பி. பொண்ணு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அதற்கும் ஒரு வாரத்துக்குள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஒரு பேச்சு பஸ் ஏறி வந்தது: மாப்பிள்ளை வீட்டான் மேளக்காரனைக் கையில் போட்டுக்கொண்டான், ஐயர் சொல்வதற்கு முன்னாலேயே ஊதிவிட்டான், அந்தப் பையன் கத்தினது அதனால்தான் யாருக்கும் கேட்கவில்லை.

ஆனி மாதம் அட்வான்ஸ் கொடுத்த மூன்று வீடுகளும் வேறு மேளம் பார்த்துக்கொண்டன. சாயங்காலம் தவில் மாமா வருவார், இரண்டு பேரும் தெருமுனை டீக்கடைக்குப் போய்க் குசுகுசு என்று பேசுவார்கள். நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவார்கள். அம்மா அப்பாவின் பையைத் துழாவுவதை ஒருநாள் பார்த்தேன். என்ன தேடினாள் என்று இதுவரை கேட்டதில்லை.

நானும் சும்மா இல்லை. லைப்ரரியில் துப்பறியும் கதைகளைப் படித்துக் கெட்டுப்போயிருந்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா மேல் இருந்த சந்தேகங்களை எழுத ஆரம்பித்தேன். ஜரிகைத் துண்டு ஏன் அப்பாவுக்கு மட்டும்? அதை ஏன் ஒருநாளும் போட்டுக்கொள்ளாமல் டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தார்? காலையில் ஏன் முன்போல வாசித்துச் சாதகம் செய்வதில்லை? கடைசியில் ஒரு கேள்வி எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன்: அப்பாவுக்கு அந்த ஆள் கத்தியது கேட்டதா?

ஏனென்றால் எனக்குக் கேட்டது. இன்ஜின் ஹாரனில் மயிரிழை இறக்கம் கேட்கிற மனிதருக்குக் கேட்காமல் இருக்குமா?

தவில் மாமாதான் கல்யாண சி.டி.யைக் கொண்டுவந்தார். வீடியோக்காரர் அவருக்குத் தெரிந்தவர். "இதுல பாத்தா தெரிஞ்சிரும், யாரு வெரல் ஆட்னான்னு. அத்தோட ஊர் வாய மூடிறலாம்" என்றார். நாங்கள் நாலு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். மாலை மாற்றியது, பாத பூஜை, எல்லாம் வந்தது. தாலியை எடுத்ததும் திரை முழுக்க இரண்டு இதயங்கள் சுற்றிக்கொண்டே வந்தன. அந்த இதயத்துக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும். நாயனம், தவில், கத்தல் எதுவும் இல்லை. வீடியோக்காரர் அந்த இடத்தில் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு சினிமா டூயட்டைப் போட்டிருந்தார்.

தவில் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்மள மூடறதுக்கும் ஒருத்தன் இருக்கான் பாரேன்."

அப்பா அப்போதும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சி.டி.யில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் தோள் இறங்கியது. ஏமாற்றமா, நிம்மதியா என்று கணக்கு நோட்டில் எழுதினேன்.

ஆனி முடிகிற சமயம், ஒரு ஞாயிறு மத்தியானம், அந்தப் பொண்ணின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். தவில் மாமாவையும் வரவழைத்தார்கள். அம்மா மோர் கொடுத்தாள், யாரும் எடுக்கவில்லை.

"மேளக்காரரே, நான் சண்டைக்கு வரல" என்றார் தாய்மாமன். குரல் சண்டைக்கு வந்த குரல்தான். "ஒரே ஒரு கேள்வி. ஐயரு தான் சொல்லலன்றாரு. அப்ப யாரு வெரல் ஆட்னது? மாப்பிள்ள வீட்டாளுங்க ஆட்னாங்களா? இல்ல நீயே எடுத்தியா? நீயே எடுத்தீன்னா எதுக்கு எடுத்த? நாங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறதா இருக்கோம்."

அப்பா சுவரைப் பார்த்தார். தவில் மாமா முந்திக்கொண்டு, "நான் நாயனத்தப் பாத்துக்கினு இருந்தேங்க. அவரு எடுத்தா நான் அடிப்பேன். வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்க" என்றார். அப்பாவின் இருபது வருஷ ஜோடி அது. அப்படிச் சொன்ன நொடியில் அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஸ்டேஷன் என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நீங்கதான் ஆட்னீங்க. நான் பாத்தேன்" என்றேன்.

தாய்மாமன் என்னைப் பார்த்தார். "யாரு பாப்பா?"

"நீங்கதான். வெள்ளச் சட்ட போட்டுக்கினு பின்னாடி நின்னீங்க. இப்டி ஆட்னீங்க." செய்து காட்டினேன். "அதப் பாத்துட்டுதான் அப்பா வாசிச்சாரு."

எவ்வளவு சுலபமாக நம்பினார் தெரியுமா. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. ஒன்பது வயதுப் பெண், குற்றம் சாட்டப்பட்டவரின் மகள். ஒரு குறுக்குக் கேள்விகூட இல்லை. ஏனென்றால் அவரும் விரல் ஆட்டியிருந்தார், எல்லோரோடும் சேர்ந்து, மேளம் எழுந்த பிறகு. முன்னாலா பின்னாலா என்று அவருக்கே நினைவில்லை. வேர்த்து, பதறி, தங்கச்சி மகளைக் கரையேற்றுகிற பரபரப்பில் நின்ற ஆள். தன் வலது கையை எடுத்து, அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவர், "வா மாமா, போலாம்" என்றார். மோர் அப்படியே இருந்தது.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். தவில் மாமா, "கெட்டிக்காரி" என்றார். அப்பா மட்டும் என்னைப் பார்க்கவேயில்லை.

செய்தி திரும்பவும் பஸ் ஏறிப் போனது. இப்போது வேறு மாதிரி: தாய்மாமனே அவசரப்பட்டு விரல் ஆட்டிவிட்டாராம், மேளக்காரர் என்ன செய்வார் பாவம். ஆவணிக்கு இரண்டு கல்யாணம் பேசிக்கொண்டு போனார்கள். அம்மா மறுபடி குழம்பில் முருங்கைக்காய் போட்டாள். நான் மட்டும் சந்தோஷப்பட முடியாமல் அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. விரல் ஆடவில்லை என்பது எனக்குத் தெரிகிற அளவுக்கு அவருக்கும் தெரியுமா, தெரியாதா? கண்ணை மூடி வாசிக்கிறவர். உண்மையிலேயே யாரோ ஆட்டினார்கள் என்று அவர் நம்பிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

ஆடியில் கல்யாணப் பொண்ணே வந்தார். தனியாக, பஸ்ஸில். சேலையில்லை, நைந்த சுடிதார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பயந்துபோய், "உள்ள வாம்மா" என்றாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"அண்ணே, எங்க மாமா அந்த வெரல மடக்கிக்கினேதான் சாப்பிடறாரு" என்றார். "நாலு வெரல்ல சோறு பெசையறாரு. என் மொகத்தப் பாக்கறதில்ல. கொல்லையில பயிர் பாக்கவும் போறதில்ல. என் வாழ்க்கை போனது போச்சு, அத நான் பாத்துக்கறேன். மாமா எதுனா பண்ணிக்கினு போயிருவாரோன்னு பயமா இருக்கு. வெரல் யாரு ஆட்னாங்கன்னு நான் கேக்க வரல. அந்தாளு கத்தனது எனக்கே பாதி கேட்டுச்சு. குனிஞ்சிக்கினு இருந்தேன், இன்னான்னு நிமிர்றதுக்குள்ள மேளம் ஏறிப்போச்சு. உங்களுக்குக் கேட்டுச்சாண்ணே?"

அப்பா இடுப்புத் துண்டோடு பாயில் உட்கார்ந்து, நாயன முனையில் செருகி ஊதுகிற சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுந்தார். கேட்கவில்லை என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. ஆவணி கல்யாணம் இரண்டும் கையை விட்டுப் போகாது, ஸ்டேஷன் இல்லை, நான் பொய் சொன்னதும் பொய்யாகாது. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"கேட்டுச்சும்மா" என்றார் அப்பா.

கையிலிருந்த சீவாளியைக் கீழே வைத்தார். பிறகு அவரே சொன்னார். "யாரும் வெரல் ஆட்டல. உங்க மாமா மேல தப்பே இல்ல. நானாத்தான் எடுத்தேன். தாலி கையில இருக்கு, நிறுத்துன்னு ஒரு சொல்லு விழுது. அபசகுனம் வந்தா மூடணும்னு சின்ன வயசுலேர்ந்து பழகின வாயி. அந்தாளு இன்னா சொல்றான்னு யோசிக்கறதுக்குள்ள மூடிட்டேன். யாரும் எனக்கு எதுவும் குடுக்கல. ஒரு துண்டு போத்துனாங்க. அதுகூட எதுக்குன்னு அப்பறந்தான் புரிஞ்சிது."

"நல்லா மூடினீங்க" என்றார் அந்தப் பொண்ணு.

அவ்வளவுதான் சொன்னார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்த்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடேயே கிளம்பினார். அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய் தாய்மாமனிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. திரும்பி வந்தபோது சட்டைப்பை கிழிந்து தொங்கியது. "பஸ்ஸுல கூட்டம்" என்றார். நான் நம்பவில்லை.

நான் பொய் சொன்னதைப் பற்றி அவர் என்னிடம் பேசவேயில்லை. இன்று வரை.

ஆவணி கல்யாணங்கள் போயின. தவில் மாமா புதுச்சேரியில் வேறு செட்டில் சேர்ந்துகொண்டார். ஸ்டேஷனில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அம்மா தையல் மெஷின் போட்டாள். அப்பா காலையில் கோயிலில் வாசித்துவிட்டு வந்து, மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்தார். ஒரே ராகம், ஒரு மாதம், ஒன்றரை மாதம். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா சார், பாட்டு மாத்த மாட்டீங்களா" என்பார். அடுத்த தடவை வானொலித் தேர்வில் அவருக்கு 'பி ஹை' கிடைத்தது. பிறகு 'ஏ'. பிறகு நீங்களே பார்த்தீர்கள், சென்னையில் சபா மேடை, பேப்பரில் படம். அவர் ஆசைப்பட்ட முக்கால் மணி நேர ராகம். எதிரில் ஆட்கள் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கல்யாணப் பொண்ணு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கேள்வி. தாய்மாமன் ஐந்து விரலாலும் சாப்பிட்டாரா என்று யாரும் சொல்லவில்லை.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் திருப்புமுனை என்ன என்று கேட்பார்கள். "கொஞ்ச நாள் வேலை இல்லாம இருந்துச்சு, உக்காந்து சாதகம் பண்ணேன்" என்பார். பொய் இல்லை. ஆனால் எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். அன்றைக்கு உண்மையைச் சொன்னது அந்தப் பொண்ணுக்காகவா, அவருடைய காதுக்காகவா? "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு வந்திருக்குமா? எதற்காகச் சொன்னால் என்ன, சொன்னாரே என்பீர்கள். எனக்கு அப்படி விட்டுவிடத் தெரியவில்லை.

போன தையில் நம் செட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு, நான் கேட்டுக்கொண்டதற்காக, அப்பா வந்து வாசித்தாரே. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார், பத்து விரல் ஆடியது, தவில் எழுந்துவிட்டது, நாயனம் மட்டும் எழவில்லை. ஒரு தாளம், இரண்டு தாளம். மாப்பிள்ளை கையில் தாலியோடு திரும்பிப் பார்த்தான். உங்களில் ஒருத்தன், "பெரியவர் அசந்துட்டாரு போல" என்றான். மறுநாள் வாட்ஸ்அப்பில் இன்னொருத்தி அதே இடத்தைப் போட்டு, "அந்த கேப்தான் மாஸ், என்னா டைமிங்" என்று எழுதினாள்.

எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் செய்கிறார். கேட்டால், "மூச்சு எடுக்கறேன்" என்பார். முக்கால் மணி நேரம் வாசிக்கிறவருக்கு அந்த இடத்தில் என்ன மூச்சு?

அந்தத் தைக் கல்யாணத்தில் அவருடைய முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சீவாளி உதட்டில் இருந்தது. கண் திறந்திருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தவில் சத்தத்துக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடத்துக் கதவு வரைக்கும் காதை விட்டிருந்தார். யாரும் கத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊதினார்.